பெரிய றானா

கதிரையை இழுத்து இருங்க என்றாள் ஜெஸீமா.
அலுமாரிச் சாவி தேடினாள், பிறகு பேனா,
பாண் துண்டைத் தேநீரில் முக்கி வாயில் வைத்தபடி
தகப்பன் பெயர் எழுதினாள்: எல்மோ ரேகல்.
"இனம்?"

கதிரை எங்களுடையது.
சாவி, அலுமாரி, ஊறி உடைகிற அந்தப் பாண்,
எங்கள் ஆட்கள் கரையில் இறக்கி
திரும்பக் கேட்காமல் விட்டவை.
இதைச் சொல்ல வாயெடுத்தேன், மனிசி முறைத்தாள்.
மடியில் பிள்ளை. ஒன்பது நாள்.
என்ன நிறம் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

"உங்கட பிறப்புப் பத்திரம்?"
கடலுக்குள்.

டச்சுபாரில் அந்த ஞாயிறு
அம்மா ஆகு, ஆகு என்று கத்திக்கொண்டு ஓடினாள்.
எங்கள் வீட்டில் ஆகு என்றால் தண்ணீர்.
தமிழில் அது ஓர் ஏவல்.
பக்கத்தில் ஓடிய ஒருவர் நின்று கேட்டாராம்,
என்ன ஆகச் சொல்லுறா பிள்ளை?
திராய்மடு முகாமில் மூன்று மாதம் கழித்து
அவரே வந்து எனக்குச் சொன்னார்,
ஒரு தவறை ஒப்படைப்பதுபோல.

தம்பிக்குப் பூனைக்கண்.
சண்டைக்காலத்தில் வலையிறவுப் பாலத்தில்
அவனைப் போகவிட்டு என்னை மறிப்பார்கள்.
ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பஸ்.

மெல்பேர்னிலிருந்து மச்சான் ஒரு குழாய் அனுப்பினான்,
துப்பி அனுப்பினேன்.
ஐரோப்பா நூற்றுக்கு நாலு என்று வந்தது.
இந்த நாலை வைத்துக்கொண்டா
கலியாணத்துக்குக் கலியாணம் வயலின் பிடித்தோம்,
விடியுமட்டும் சப்பாத்துத் தேய ஆடினோம்?
மச்சான் ஒரு கிழமை கதைக்கவில்லை.
நான் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்,
ஏனென்று இன்றுவரை தெரியாது.

கப்பலில் வந்தவனுக்குப் பெயர் இருக்கிறது.
ஊர், துவக்கு, இறந்த தேதிகூட இருக்கிறது.
மிச்சத் தொண்ணூற்றாறில் பாதிக்குமேல்
கரையில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.
கோயில் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன்:
மரியா. அவள் மகள் மரியா.
அவளுடைய மருமகள், அவளும் மரியா.
தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முந்திய நிமிடம்
அவளை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?
அதற்கு மட்டும் மை போதவில்லை.

மாமனார் காலிங்கா குடி.
"குடி தாய்வழி மனே, பிள்ளை எங்கட" என்றார்,
தொட்டிலைப் பார்த்தபடி.
சரி, கலிங்கம் எங்கே இருக்கிறது மாமா?
"அது வடக்கே, கடலுக்கு அங்கால."
எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்றேன்.
சுறாப் புட்டில் இன்னொரு அகப்பை
என் கோப்பையில் போட்டார்.

"எங்களுக்கும் குடி இருக்கு" என்கிறாள் ஜெஸீமா,
யாரும் கேட்காமலே.
"வாப்பா கதைக்க விடமாட்டார்."
பிறகு குரலைச் சரிசெய்து
"மற்றவை எண்டு போடவா? லேசு."

மற்றவை.
பேன் காற்றுக்குப் படிவம் ஒருமுறை எழும்பிப் படுத்தது.

சித்த வைத்தியர் வாயில் அது ஒரு புண்,
இந்தியாவில் ஏதோ ஒரு காயாம்,
பள்ளிக்கூடத்தில் என் முதுகில் எறிந்த கல்.
அதையே போடுங்கள் என்றேன்.

எழுதினாள்: பரங்கி.

இல்லை, தங்கச்சி. பெரிய றானா.

நிமிர்ந்து பார்த்தாள்.
மனிசி, பிள்ளையின் வாயைத் துவாயால் துடைத்து,
எனக்குத் தெரியாமல் சிரித்தாள்.
ஜெஸீமா வெட்டி, மேலே நெருக்கிப் புதிதாக எழுதினாள்.
"வெட்டின இடத்தில சுருக்கொப்பம் வேணும்."
எந்தப் பாஷையில்?
"ஏதோ ஒண்டு வையுங்க.
இடம் கொஞ்சம்தான் இருக்கு."